கேரட் ஊதிய வார்டு

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் காய் நறுக்கும் வேலை. நானூறு நோயாளிகளுக்கான காய்கள் தினமும் அவள் கைப்படத்தான் துண்டாகும். அவள் கத்தி போகிற வேகத்தைப் பார்த்து முதலில் எல்லாரும் மிஷின் அக்கா என்று கூப்பிட்டார்கள். நாளாக ஆக மிஷின் உதிர்ந்து வெறும் அக்கா மட்டும் மிஞ்சியது. அவளைவிடப் பத்து வயது மூத்த தலைமை நர்ஸும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அதே கட்டடத்தின் நான்காவது மாடியில் அவளுடைய கூடப்பிறந்த தம்பி படுத்திருந்தான். பஸ் கண்டக்டர். நுரையீரலில் தொற்றுநோய், அதுவும் சாதாரண மருந்துக்கு மசியாத ரகம். மூடிய வார்டில் ஒன்பது கட்டில்கள், ஒன்பது ஆண்கள். எட்டு மாதம் ஆகலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் நடையில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, போனில் பேசிவிட்டுப் போக வேண்டும். தலைக்கு மேலே நான்கு மாடி தள்ளித் தம்பி இருக்கிறான், அவன் தட்டில் விழும் காயை நறுக்குவது அவள்தான், ஆனால் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியாது. அக்காவுக்கு இது ஆறவே இல்லை.

கண்டக்டருக்கு முதல் மாதம் பயத்தில் போனது, இரண்டாம் மாதம் தூக்கத்தில் போனது. மூன்றாம் மாதம்தான் எரிச்சல் ஆரம்பித்தது. மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தார்கள். மூச்சை இழுத்தால் அதற்குள் இருக்கும் மூன்று பந்துகள் மேலே எழ வேண்டும். அவன் இழுத்தால் முதல் பந்து எழும்பும், இரண்டாவது யோசிக்கும், மூன்றாவது திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒருநாள் போனில் கத்தினான். "அக்கா, என் விசிலை மட்டும் எப்படியாவது உள்ள அனுப்பு. பதினெட்டு வருஷம் ஊதின வாய் இது. விசிலைக் கொடுத்தா ஒரு நாளைக்கு நூறு தடவை ஊதிக் காட்டறேன். இந்தப் பந்து என்னைப் பார்த்துச் சிரிக்குதுக்கா."

அக்கா தலைமை நர்ஸிடம் போய் நின்றாள். "விசிலா?" என்றாள் நர்ஸ். "சமையலறைச் சாப்பாடு, சீல் வெச்ச துணி. இந்த ரெண்டைத் தவிர ஒரு குண்டூசி உள்ள போகக் கூடாது அக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

அக்காவின் கணவர் பிளம்பர். சுவரில் காதை வைத்துத் தண்ணீர் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். வீடு கட்டியவர்களே மறந்துபோன குழாய்களைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பார். அன்று சாயங்காலம் அவள் புலம்பி முடிக்கும்வரை பேசாமல் கை கழுவிக்கொண்டிருந்தவர், துண்டில் துடைத்தபடி கேட்டார்.

"சாப்பாடு மட்டும்தான் உள்ள போகும், இல்ல?"

"ஆமா. அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

"அப்ப சாப்பாட்டுலயே ஒரு விசில் செஞ்சிட்டா?"

"உங்களுக்கு இன்னைக்கு வெயில் ஜாஸ்தியோ?"

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுச் சமையல் மேடை பட்டறை ஆகிவிட்டது. அரை அங்குல இரும்புக் குழாயில் ஒரு சாண் அறுத்து, அதன் வாயைக் கல்லில் தீட்டிக் கூராக்கி வைத்திருந்தார். அதைக் கேரட்டின் தடித்த பக்கத்தில் வைத்துத் திருகினார். கேரட் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது. அடுத்ததும் பிளந்தது. மூன்றாவது பிளக்கவில்லை, ஆனால் குழாய் பக்கவாட்டில் முளைத்து வெளியே எட்டிப் பார்த்தது. நாலாவது ஒழுங்காகக் குடைந்து வந்தது. ஊதினார். காற்றுதான் வந்தது. ஐந்து, ஆறு, ஏழு. வெறும் காற்று.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அது இரும்பு இல்லைங்க, கேரட். இப்படியா அறுப்பாங்க? கொண்டாங்க இங்க."

குழாய் எப்படி இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கத்தி எப்படிப் போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். உள்ளே குடைந்துவிட்டு நுனியை மூடியபடியே விட வேண்டும். மேல்பக்கத்தில் ஒரு சின்னச் சதுர ஜன்னல் வெட்ட வேண்டும். ஜன்னலின் ஓரத்தைச் சரிவாகச் சீவி, பிளேடு முனை மாதிரி மெலிசாக்க வேண்டும். குடைந்தெடுத்த துண்டில் ஒரு பக்கத்தை மட்டும் தட்டையாகச் சீவி, அதையே வாய்க்கு அடைப்பாகத் திணிக்க வேண்டும். தட்டையான பக்கத்தில் ஒரு நூல் இடுக்கு மிஞ்சும். அந்த இடுக்கில் போகிற காற்று ஜன்னல் ஓரத்தில் மோதி இரண்டாகக் கிழியும். கிழிகிற இடத்தில்தான் சத்தம் பிறக்கும் என்றார் பிளம்பர். சொன்னாரே தவிர அவருக்கும் அது ஊகம்தான்.

பதினொன்றாவது கேரட். அக்கா அடைப்பை ஒரு மயிரிழை உள்ளே தள்ளிவிட்டு ஊதினாள்.

சத்தம் வந்தது. விசில் மாதிரிக் கீச்சென்று இல்லை. உருண்டையாக, ஈரமாக, யாரோ பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி வந்தது. அக்கா பயந்துபோய்க் கேரட்டைப் பலகையில் வைத்துவிட்டாள். இருபத்தோரு வருஷமாக நாள் தவறாமல் கேரட் நறுக்குகிறாள். மூட்டை மூட்டையாக அவள் கைவழியாகப் போயிருக்கிறது. அத்தனைக்குள்ளும் இந்தக் குரல் இருந்ததா?

"இன்னொரு தடவை ஊது," என்றார் பிளம்பர் மெதுவாக. ஊதினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோயிலுக்குள் நிற்பதுபோலக் குரல் தாழ்ந்துவிட்டது.

மறுநாள் மத்தியானத் தட்டில், சாதக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், வெந்நீரில் அலசிய கேரட் ஒன்று கண்டக்டருக்குப் போனது. இரட்டைக் கதவுப் பெட்டியின் இந்தப் பக்கம் தட்டை வைத்து மூடினால், அந்தப் பக்கம் திறந்து எடுத்துக்கொள்வார்கள். ஐந்து நிமிஷத்தில் அக்காவுக்குப் போன் வந்தது. யாரும் பேசவில்லை. ஒரே ஒரு ஊதல். பிறகு சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, "மாமாகிட்ட சொல்லுக்கா, பஸ் கெளம்பிடுச்சுன்னு," என்றான்.

அதன்பிறகு பிளம்பருக்குக் கை சும்மா இருக்கவில்லை. நீளமான கேரட்டாகப் பொறுக்கி, அடிவரை குடைந்து, ஆறு ஓட்டை போட்டுக் குழலாக்கி அனுப்பினார். கண்டக்டருக்கு இசை ஒன்றும் தெரியாது. விரலை வைத்து, எடுத்து, தெரிந்த நாலு பாட்டில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். அப்போது ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மூணாவது ஓட்டை ஏறி நிக்குது."

கண்டக்டர் குழலைக் கீழே போட்டுவிட்டான். அந்த ஆள் இரண்டரை மாதமாகச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர். நர்ஸ் கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஊமை என்றே வார்டில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

"நீங்க பேசுவீங்களா?"

"பேசற மாதிரி இங்க ஒண்ணும் நடக்கலையே, இன்னைக்குவரைக்கும்." எழுந்து உட்கார்ந்தார். "எங்க, காட்டுங்க அதை."

ஆர்மோனியப் பெட்டிகளுக்குச் சுதி சேர்ப்பது அவர் தொழில் என்று அன்றுதான் தெரிந்தது. முப்பது வருஷமாக அதே வேலை. அவருக்குச் சொந்தம் என்று வந்து கண்ணாடிக்கு வெளியே நிற்க யாரும் இல்லை. அன்றிலிருந்து அவர் சுதிக்காரர் ஆனார். அவர் நெஞ்சு வார்டிலேயே மோசமான நெஞ்சு. ஊதிப் பார்த்தார், கேரட் முனகக்கூட இல்லை. ஆனால் காது வேறு விஷயம். நடையில் மருந்து வண்டி வந்தால், "இன்னைக்கு எடது முன் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருக்காங்க," என்பார்.

மாலையில் பிளம்பர் வந்ததும் இருவரும் கண்டக்டரின் போனில் பேசிக்கொள்வார்கள். இவர் அவரைச் சார் என்பார், அவர் இவரைச் சார் என்பார்.

"சார், இன்னும் கொஞ்சம் கனமான சத்தம் கெடைக்குமா?"

"பீட்ரூட் குடைஞ்சு பாக்கட்டுமா சார்? குடம் மாதிரி வரும்."

"குடமா? அனுப்புங்க சார், அனுப்புங்க."

அங்கேதான் வினை வந்தது.

ஸ்பூனால் உள்ளே வழித்து, பக்கத்தில் ஊதுவாய் வைத்த இரண்டு பீட்ரூட்டுகள் உள்ளே போயின. ஒன்றைக் கண்டக்டர் வைத்துக்கொண்டான். இன்னொன்றை அடுத்த கட்டிலில் இருந்த வயதான காவலாளி ஆசையாக வாங்கினார். புறா முனகுவது மாதிரி ஆழமாக ஒரு சத்தம் வந்தது. காவலாளிக்கு நிறுத்த மனசு வரவில்லை. ஊத ஊதச் சாறு உதட்டில் இறங்கி, முகவாயில் வழிந்து, வெள்ளைப் படுக்கை விரிப்பில் சொட்டியது. அந்த நேரம் பார்த்துப் புது நர்ஸ் உள்ளே வந்தாள். நுரையீரல் நோய் வார்டு. கிழவர் வாயெல்லாம் சிவப்பு, படுக்கையெல்லாம் சிவப்பு. அவள் அபாய மணியை அழுத்திவிட்டாள்.

கவச உடுப்போடு நாலு பேர் ஓடிவந்தார்கள். காவலாளியைப் படுக்கவைத்து முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடியைப் போட்டார்கள். அவர் உள்ளேயிருந்து "பீ... பீ..." என்றார்.

"பேசாதீங்க தாத்தா, பேசவே கூடாது!" என்றார் டாக்டர்.

கண்டக்டர் குறுக்கே பாய்ந்தான். "ரத்தம் இல்ல சார், இது, இதைப் பாருங்க," என்று தன் கையிலிருந்த பீட்ரூட்டை ஒரு கடி கடித்துக் காட்டினான். சிவந்த பல்லோடு அவன் வாயைத் திறந்ததைப் பார்த்த புது நர்ஸ், இரண்டாவது தடவையும் மணியை அழுத்தினாள்.

விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரிய டாக்டரின் அறையில் அக்காவும் பிளம்பரும் நின்றார்கள். வேலை போனது என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள். மேசைமேல், சமையலறை வாளியிலிருந்து தலைமை நர்ஸ் கைப்பற்றி வந்த கேரட் குழல் ஒன்று, தட்டில் ஈரத்தோடு கிடந்தது.

"இதை யார் செஞ்சது?"

"நான்தான்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

பெரிய டாக்டர் அதிகம் பேசாத மனிதர். குழலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஜன்னல் ஓரத்துச் சரிவை விரல் நகத்தால் தடவினார். நர்ஸைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு ஊதினார். அறை முழுக்க அந்த ஈரக் குரல் நிரம்பியது. அவர் குழலை வாயிலிருந்து எடுத்து, அது என்ன என்று அப்போதுதான் தெரிந்துகொள்கிறவர் மாதிரிப் பார்த்தார். மறுபடி ஊதினார். இந்தத் தடவை ஒரு விரலை எடுத்தார், சத்தம் மாறியதும் அவர் புருவம் உயர்ந்தது. அக்கா சொல்வாள், அந்த ஒரு நிமிஷம் அந்த மேசைக்குப் பின்னால் பெரிய டாக்டர் இல்லை, யாரோ ஒருவர் இருந்தார் என்று.

"அந்தக் கண்டக்டர் இப்ப எத்தனை பந்து தூக்கறார்?" என்று கேட்டார்.

"ரெண்டு, சார்," என்றாள் தலைமை நர்ஸ், தயங்கியபடி. "மூணாவதும் பாதி எழும்புது."

பெரிய டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதினார். மாலை நாலு மணிக்கு அரை மணி நேரம். வெந்நீரில் கழுவியது மட்டும். உபயோகித்ததெல்லாம் அன்றே மஞ்சள் பையில் போட்டு எரிக்கப்பட வேண்டும். கடைசியில் பேனாவை அழுத்தி ஒரு வரி: பீட்ரூட் கூடாது.

அனுமதி கிடைத்ததும் வார்டு முழுக்கத் தனக்கும் ஒன்று என்று கேட்டது. ஆனால் ஒன்றிரண்டு நாளிலேயே முகங்கள் தொங்கிவிட்டன. யாராலும் ஒரு வரி பாட்டைச் சேர்ந்தாற்போல் ஊத முடியவில்லை. பாதியில் மூச்சு முட்டும், இருமல் வரும், கண் இருட்டும். சுதிக்காரர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுப் பிளம்பருக்குப் போன் போட்டார்.

"சார், எங்கள்ல யாருக்கும் ஒரு பாட்டுக்கு மூச்சு கெடையாது. ஆனா ஒரு சுரத்துக்கு இருக்கு. ஆளுக்கு ஒரு சுரம் போதும். ஓட்டையே வேண்டாம். எட்டு குழல், எட்டு நீளம். நான் விரலை நீட்டினா அந்த ஆள் ஊதணும். முடிச்சிட்டுத் தன் முறை வர்றவரைக்கும் நிம்மதியா மூச்சு வாங்கிக்கலாம்."

"சார்," என்றார் பிளம்பர், "நீங்க எட்டுப் பேரையும் சேத்து ஒரே வாத்தியம் ஆக்கறீங்க."

"ஆகுதான்னு பாப்போம் சார்."

சொல்வது சுலபமாக இருந்தது. பிளம்பர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு வாளித் தண்ணீரும் இருபது கேரட்டும் நாலு நீள முள்ளங்கியுமாக நடையில் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்தார். கனமான கீழ்ச் சுரத்துக்குக் கேரட் போதவில்லை, முள்ளங்கிதான் சரிப்பட்டது. அவர் ஊத, போனில் கேட்டுச் சொல்வது என்று ஏற்பாடு. இரண்டாவது கேரட்டிலேயே சுதிக்காரர் போனை மூடினார். "இது பொய் சொல்லுது," என்று சைகை காட்டிவிட்டு, எழுந்து வந்து கண்ணாடியில் காதை ஒட்டவைத்துக்கொண்டார். பிளம்பருக்குப் புரிந்தது. கேரட்டின் அடியைக் கண்ணாடியில், அந்தக் காதுக்கு நேராக அழுத்தி ஊதினார். ஊதல் கண்ணாடிக்குள் இறங்கி அந்தப் பக்கம் போயிற்று.

சுதிக்காரர் கட்டைவிரலைக் கீழே காட்டினால் பிளம்பர் இன்னும் ஒரு சுற்றுக் குடைவார், சுதி இறங்கும். மேலே காட்டினால் துருவலைச் சிட்டிகை எடுத்து அடியில் திணிப்பார், சுதி ஏறும். ஒரு சிட்டிகை அதிகமானால் அந்தப் பக்கம் முகம் சுளிக்கும். இரண்டு மணி நேரம் இப்படியே போனது. தரை துடைக்க வந்தவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மனிதன் கேரட்டை வைத்து ஊதுகிறான். அந்தப் பக்கம் ஒரு மனிதன் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் பதில் சொல்கிறான். ஒருவர் மூச்சு இன்னொருவர்மேல் படக் கூடாத இடத்தில், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விரலகலம்கூட இடைவெளி இல்லாத மாதிரி இருந்தது என்று அவள் பிறகு சமையலறையில் வந்து சொன்னாள்.

வாளியிலிருந்து எடுத்ததும் குளிர்ச்சியில் சுதி இறங்கிக் கிடக்கும். மூச்சுச் சூடு ஏற ஏறச் சுதியும் ஏறும். அதனால் எட்டுப் பேரும் முதலில் இரண்டு நிமிஷம் தங்கள் குழலை உள்ளங்கையில் பொத்தி வைத்திருக்க வேண்டும் என்று சுதிக்காரர் கட்டளை போட்டார். நாலு மணிக்கு, பெரிய ஆம்பளைகள் எட்டுப் பேர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குருவிக் குஞ்சைப் பிடித்திருக்கிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு கேரட்டைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கண்டக்டருக்குக் கிடைத்தது 'ப'. காவலாளிக்கு 'க'. கீழ் 'ஸ' லாரி டிரைவர் ஒருவரின் முள்ளங்கி.

அக்கா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மேலே ஓடி வந்திருந்தாள். தலைமை நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சுதிக்காரர் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். லாரி டிரைவரை நோக்கி விரல் நீட்டினார். தரை லேசாக அதிர்கிற மாதிரி முள்ளங்கி பேசியது. அது ஓய்வதற்குள் விரல் அடுத்த கட்டிலுக்குப் போனது. பிறகு அடுத்தது. எட்டும் ஏறியது, எட்டும் இறங்கியது. யாரும் இருமவில்லை. அதன்பிறகு அவர் தானே மனசுக்குள் கட்டி வைத்திருந்த ஒரு மெட்டை எடுத்தார்.

அக்காவுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, எத்தனை தடவை கேட்டாலும் ஒரே விதமாகத்தான் சொல்வாள். சத்தம் நடந்தது என்பாள். ஒரு கட்டிலிலிருந்து எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, எதிர்க் கட்டிலுக்குத் தாண்டி, திரும்பி வந்து. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் வார்டுக்குள் வந்து ஒவ்வொருவர் கட்டிலிலும் உட்கார்ந்து எழுந்து போகிற மாதிரி. தனித்தனியாக ஒரு வரி ஊத வக்கில்லாத எட்டு நெஞ்சுகள் அவை. ஆனால் அந்த மெட்டு ஆறு நிமிஷம் ஓர் இடத்திலும் அறுபடாமல் போனது. அவ்வளவு நீள மூச்சு வெளியே நின்றுகொண்டிருந்த ஆரோக்கியமானவர்களில் ஒருவருக்கும் கிடையாது.

கடைசிச் சுரம் அடங்கியதும் யாரும் கை தட்டவில்லை. எட்டுப் பேரும் தங்கள் கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தார்கள். தலைமை நர்ஸ் கட்டிய கையை எப்போது அவிழ்த்தாள் என்று தெரியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிளம்பர் உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தபடி அசையாமல் நின்றார்.

"என்னங்க," என்றாள் அக்கா.

"நம்ம வீட்டுச் சமையல் மேடையில ஆரம்பிச்சதும்மா இது," என்றார் அவர்.

ஐந்து மணிக்கு எட்டும் மஞ்சள் பைக்குள் போயின. மறுநாள் புதிதாக எட்டு. அதற்கடுத்த நாளும். பிளம்பர் காலையில் வேலைக்குப் போகும் முன் வந்து குடைந்து கொடுப்பார், அக்கா ஜன்னல் வெட்டி அடைப்பு வைப்பாள், சுதிக்காரர் கண்ணாடியில் காது வைப்பார். போகப்போக இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு நாளும் கேரட் வேறு, அதனால் சத்தமும் ஒரு நூல் வேறு. நேற்றைய சத்தம் மறுபடி வரவே வராது.

ஐந்தாம் மாதம் காவலாளி போய்விட்டார். ஒரு வாரமாகவே நாள் பூராவும் முகமூடியோடுதான் படுத்திருந்தார். மருந்து அவரிடம் தோற்றுவிட்டது என்றார்கள். அன்று நாலு மணிக்கு ஏழு குழல் போதும் என்று அக்கா நினைத்தாள். சுதிக்காரர் எட்டு கேட்டார். காவலாளியின் குழலை மடித்த போர்வையின்மேல் வைத்தார்கள். மெட்டில் 'க' வருகிற இடங்களிலெல்லாம் அவர் விரல் அந்தக் கட்டிலை நோக்கி நீண்டு, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, பிறகுதான் நகர்ந்தது. பதினொரு நாள் இப்படி ஓட்டை விழுந்த மெட்டைத்தான் ஊதினார்கள். கேட்கக் கேட்க அந்த ஓட்டையும் பாட்டிலேயே சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் அந்தக் கட்டிலுக்கு ஒரு புது ஆள் வந்தான், தையல்காரன். கண்ணாடிக்கு வெளியே மனைவி அழுகிறாள், உள்ளே இவன் சுவரோடு ஒட்டி நிற்கிறான். நாலு மணிக்கு அவன் கையில் ஈரக் கேரட் ஒன்றைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பொத்தி வெச்சுக்குங்க," என்றான் கண்டக்டர். தையல்காரன் ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பொத்திக்கொண்டான். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது அவனுக்கு.

எட்டாம் மாதத்தில் மூன்று பரிசோதனையும் அடுத்தடுத்துச் சுத்தமாக வந்தன. கண்டக்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று பந்தும் உச்சியில் போய் முட்டுகின்றன இப்போது. வாசலில் வைத்து அக்கா முதலில் அவன் நெற்றியைத் தொட்டாள், அப்புறம் கன்னத்தை, அப்புறம் ஏனோ காதை. "போதும்க்கா, ஆள் நான்தான்," என்றான். பிளம்பர் அவன் பையை வாங்கிக்கொண்டார். மூவரும் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருந்த பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது மணி நாலு ஆகிவிட்டது.

காற்றோட்டத்துக்காக அந்த வார்டின் தெருப்பக்க ஜன்னல்கள் எப்போதும் திறந்தே இருக்கும். நான்காவது மாடியிலிருந்து முள்ளங்கியின் குரல் இறங்கியது.

கண்டக்டர் நின்றுவிட்டான்.

இத்தனை நாளும் அவன் அதற்குள்ளே இருந்தவன். சுதிக்காரரின் விரலைப் பார்த்து, தன் முறைக்குக் காத்திருந்து, தன் ஒரு சுரத்தை ஊதிவிட்டு மூச்சு வாங்கியவன். முழுப் பாட்டு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறான். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பழக்கடைக்காரர் எடை போடுவதை நிறுத்தி மேலே பார்த்தார். அவருக்கு இது வழக்கம் போலிருந்தது.

"இதுவாக்கா?" என்றான் கண்டக்டர். "இப்படியா இருந்துச்சு? நாங்க ஊதினது இதையா?"

"தினமும்டா. தினமும் இப்படித்தான்."

மெட்டு ஏறிக்கொண்டே வந்தது. 'ப' வருகிற இடம் நெருங்கியதும் அவன் உதடு தானாகக் குவிந்தது. தன் இடம் காலியாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். இல்லை. சுரம் வந்தது. நடுக்கத்தோடு, அரை மூச்சு தாமதமாக, பாதியிலேயே தேய்ந்துபோகிற மாதிரி. ஆனால் சுதி மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக.

"யாருடா மாப்ளே அது, ஒன் எடத்துல?" என்று கேட்டார் பிளம்பர்.

எட்டு மாதம் ஒரே அறையில் படுத்தவர்களுக்கு ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரியும். கண்டக்டர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சுதிக்காரர், மாமா. அவரே ஊதறார்."

பிளம்பர் பையைக் கீழே வைத்தார். மூவரும் தலையை நிமிர்த்தியபடி நின்றார்கள். பஸ் ஒன்று வந்து நின்று, யாரும் ஏறாததைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் அடுத்ததும் வந்தது. அதையும் விட்டுவிட்டார்கள்.